பிளாக்லிஸ்ட் பதில் தப்பாக வருகிறதா? கேட்பது யார் என்று முதலில் பாருங்கள்

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில், மெயில் ஏற்கக் கூடாத ஐபிக்களின் பட்டியலான (பிளாக்லிஸ்ட்) ஸ்பாம்ஹாஸ் ஜென்னைச் சேர்த்தாகிவிட்டது, ஆனாலும் ஸ்பேம் கொட்டுகிறது. அல்லது நேர்மாறாக, காலையிலிருந்து ஓடிபி உட்பட ஒரு மெயிலும் உள்ளே வரவில்லை. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோளாறு இருக்கும். பட்டியல் சரியாகத்தான் இருக்கும். உங்கள் கேள்வியைக் கொண்டுபோகிற ரிசால்வர், அதாவது டிஎன்எஸ் பதிலை வாங்கித் தரும் சர்வர்தான் தப்பான ஆளாக இருக்கும்.

டெபியன் அல்லது உபுண்டு சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கையால் கேட்டுப் பாருங்கள்

192.0.2.99 பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க, எண்களைத் தலைகீழாக்கி 99.2.0.192 என்று எழுதி, அதன் பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி ஏ ரெக்கார்டு (ஒரு பெயருக்கு உரிய ஐபி) கேட்க வேண்டும். அவ்வளவுதான், இது சாதாரண டிஎன்எஸ் கேள்வி. 127.0.0 என்று தொடங்கும் பதில் வந்தால் முகவரி பட்டியலில் இருக்கிறது, என்எக்ஸ்டொமைன் ('அப்படி ஒரு பெயரே இல்லை') வந்தால் இல்லை.

சோதிக்க நிஜ ஸ்பேமர் தேவையில்லை. 127.0.0.2 எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது என்பது 2010இல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்லும் வழக்கம்.

டிக் +ஷார்ட் 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க்

127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 மூன்றும் ஏதோ ஒரு வரிசையில் வந்தால் பாதை சரி. 127.255.255.254 வந்தால், பொது ரிசால்வர் வழியாகவோ, யாருடையது என்று தெரியாத பொத்தாம்பொதுவான ரிவர்ஸ் பெயருள்ள (ஐபியைக் கொடுத்துக் கேட்டால் வரும் பெயர்) ஐபியிலிருந்தோ கேட்கிறீர்கள். 127.255.255.255 என்றால் கேள்விகள் அளவு மீறிவிட்டன. 127.255.255.252 என்றால் பட்டியலின் பெயரைத் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள். ஒன்றுமே வராமல் போனால் 3ஆம் படியின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

2. யார் கேட்கிறார்கள்?

டிக் +ஷார்ட் ஹூஆம்ஐ.அகமாய்.நெட்

இதற்கு வரும் ஐபி, உலகத்திடம் உங்கள் சார்பில் கேட்கும் ரிசால்வருடையது. அது உங்கள் சர்வரின் ஐபியாக இல்லாவிட்டால், கூகுளின் 8.8.8.8 வழியாகவோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொது ரிசால்வர் வழியாகவோ போகிறீர்கள். அதே வழியில் ஆயிரம் பேர் கேட்பதால் இலவச அளவு தாண்டிப் போயிருக்கும். எந்த ரிசால்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53ஐ மட்டும் பார்த்து 'லோக்கல்தானே' என்று ஏமாற வேண்டாம். சிஸ்டம்டி-ரிசால்வ்ட் கேள்வியை வாங்கி மேலே தள்ளிவிடும் ஆள்தான், தானாகத் தேடாது.

3. அன்பவுண்ட்

தானாகத் தேடும் ரிசால்வர் ஒன்றை உங்கள் சர்வரிலேயே ஓடவிட வேண்டும். மெயில் சர்வருக்கு என் தேர்வு அன்பவுண்ட்தான். பைண்டும் இதைச் செய்யும், ஆனால் இந்த ஒரு வேலைக்கு அது அதிகம். டிஎன்எஸ்மாஸ்க் வேண்டவே வேண்டாம். அதுவும் மேலே தள்ளிவிடும் ரகம்.

ஏப்டியில் அன்பவுண்டை நிறுவி, கட்டமைப்பில், கேள்வியை மேலே தள்ளச் சொல்லும் ஃபார்வர்ட்-ஜோன் என்ற பகுதி இல்லையென்று உறுதி செய்யுங்கள். பிறகு டிக் கட்டளையில் @127.0.0.1 சேர்த்து முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். மூன்று பதிலும் வந்த பிறகே ரிசால்வ்.கான்ஃப் மீது கை வையுங்கள். முதலிலேயே அதை மாற்றினால் டிஎன்எஸ் போய்விடும், ஏப்டியும் ஓடாது. அந்தக் கோப்பு பெரும்பாலும் சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் சுட்டி); அதை அழித்துவிட்டு நிஜக் கோப்பாக எழுதுங்கள்:

நேம்சர்வர் 127.0.0.1

இந்த ஒரு வரி மட்டும். 'பேக்கப்புக்கு இருக்கட்டும்' என்று கீழே 8.8.8.8 போட்டால், அன்பவுண்ட் ஒருமுறை தாமதித்தாலும் கேள்வி அங்கே ஓடிவிடும். பத்து மெயிலுக்கு ஒன்று மட்டும் தப்பாக நடக்கும், காரணம் பிடிபடாது. சர்வரை ரீபூட் செய்து, கோப்பு அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஹோஸ்டிங்குகளில் சர்வர் தொடங்கும்போது கட்டமைப்பை எழுதும் கிளவுட்-இனிட் என்ற கருவி அதைத் திரும்ப எழுதிவிடும்.

பதில் காலியாக வருகிறதா? அன்பவுண்ட் கட்டமைப்பில் பிரைவேட்-அட்ரஸ் பட்டியலில் 127.0.0.0/8 இருக்கிறதா என்று தேடுங்கள். டிஎன்எஸ் ரீபைண்டிங் (வெளிப் பெயருக்கு உள் ஐபியைப் பதிலாகத் தரும் தாக்குதல்) பாதுகாப்புக்காக இணையத்திலிருந்து காப்பியடிக்கும் வரி அது. பிளாக்லிஸ்டின் எல்லாப் பதிலும் 127இல்தான் தொடங்கும் என்பதால், அத்தனையையும் அது விழுங்கிவிடும். அந்த வரியை மட்டும் எடுங்கள், 10, 192.168 வரிகள் இருக்கலாம்.

4. எல்லாரும் தடுக்கி விழும் இடம்

இப்போது டிக் சரியாகப் பதில் சொல்லும், ஆனால் மெயில் லாகில் பழைய கதையே ஓடும். காரணம் குரூட். டெபியன், உபுண்டுவின் பல பதிப்புகளில் மெயிலை வாங்கும் எஸ்எம்டிபிடி தனி அறைக்குள் பூட்டப்பட்டு ஓடுகிறது. அது படிப்பது இடிசியில் இருக்கும் ரிசால்வ்.கான்ஃபை அல்ல, வார், ஸ்பூல், போஸ்ட்ஃபிக்ஸ், இடிசி என்று உள்ளே போனால் இருக்கும் நகலை.

மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபி வரியின் ஐந்தாம் நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே 'ஒய்' இருந்தால் குரூட் உண்டு. இரண்டு ரிசால்வ்.கான்ஃபையும் டிஃப் போட்டு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோடை நம்பாதீர்கள். நகல் எடுப்பது தொடங்கும் நேரத்து வேலை.

5. குறியீட்டை எழுதுங்கள்

மெயின்.சிஎஃப் கோப்பில் பட்டியலைச் சேர்த்த வரி இப்படி இருக்க வேண்டும்:

ரிஜெக்ட்_ஆர்பிஎல்_கிளையன்ட் ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க்=127.0.0.[2..11]

சமக்குறிக்குப் பின்னால் இருப்பது, எந்தப் பதில் வந்தால் தடுக்க வேண்டும் என்ற குறியீடு. அதை விட்டுவிட்டால், எந்த ஏ ரெக்கார்டு வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். அப்போது 127.255.255.254 என்ற பிழைப் பதிலும் மெயிலைத் திருப்பி அனுப்பும். ஒரு மெயிலும் வராத காலைக்குக் காரணம் இதுதான். 2021 ஜனவரி கடைசியில் ஸ்பாம்காப் என்ற பிளாக்லிஸ்டின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, எதைக் கேட்டாலும் பார்க்கிங் பக்கத்தின் ஐபி வந்தது. =127.0.0.2 என்று எழுதியிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

மூடிப்போன பட்டியல்களிடம் குறியீட்டை நம்பியும் இருக்க முடியாது. 2006 டிசம்பரில் மூடிய ஓஆர்டிபி, 2008 மார்ச்சில் எல்லா முகவரிக்கும் 'ஆம்' சொல்லத் தொடங்கியது. 2015 ஜனவரியில் ஏஹெச்பிஎல்லும் அதையே செய்தது. சார்ப்ஸ் 2024 ஜூனில் மூடியது. இன்னும் உங்கள் கட்டமைப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள். மற்ற ஒவ்வொரு பட்டியலிடமும் 1.0.0.127 கேளுங்கள், பதில் ஏதாவது வந்தால் அதையும் தூக்குங்கள்.

இந்த வரியின் இடமும் முக்கியம். லாகின் செய்த பயனரை அனுமதிக்கும் பெர்மிட்_எஸ்ஏஎஸ்எல்_ஆதென்டிகேட்டட் இதற்கு முன்னால் வர வேண்டும். வீட்டு பிராட்பேண்ட் ஐபிக்கள் பிபிஎல்லில் (ஜென்னுக்குள் இருக்கும், நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிக்களின் பட்டியல்), அதாவது 127.0.0.10, 11இல் இருப்பது இயல்பு. வரிசை மாறினால் உங்கள் ஊழியர்களே வீட்டிலிருந்து மெயில் அனுப்ப முடியாது.

ஸ்பாம்அசாசின் இருந்தால்

ஸ்பேமுக்கு மதிப்பெண் போடும் இந்த மென்பொருள் ஓடி, மெயில் ஹெடரில் யூஆர்ஐபிஎல்_பிளாக்ட் என்று தெரிந்தால் அது இதே ரிசால்வர் நோய். லோக்கல்.சிஎஃப் கோப்பில் டிஎன்எஸ்_சர்வர் 127.0.0.1 என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் 127.255.255.254 வருகிறதென்றால், உங்கள் ஐபியின் பிடிஆர், அதாவது ரிவர்ஸ் பெயர், ஹோஸ்டிங் நிறுவனம் தந்த பொதுப் பெயராக இருக்கும். அதை உங்கள் டொமைன் பெயருக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் ஸ்பாம்ஹாஸில் பதிவு செய்து டிக்யூஎஸ் என்ற தனிக் கேள்விச் சேவையின் சாவி வாங்குங்கள். சாவி பட்டியலின் பெயருக்குள்ளேயே வரும் என்பதால், மெயிலைத் திருப்பும்போது போஸ்ட்ஃபிக்ஸ் அதை அனுப்பியவரிடமே காட்டிவிடும். ஆர்பிஎல்_ரிப்ளை_மேப்ஸில் வேறு வாசகம் எழுதி மறைத்துவிடுங்கள். போஸ்ட்ஸ்கிரீன் (போஸ்ட்ஃபிக்ஸின் முன்வடிகட்டி) ஓடினால் அதற்கு போஸ்ட்ஸ்கிரீன்_டிஎன்எஸ்பிஎல்_ரிப்ளை_மேப் தனியாக வேண்டும்.