எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனுக்கு வீட்டில் ஆம்ப் கட்டுவது: சப்ளை சரியானால் பாதி வேலை முடிந்தது

ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி செய்கிற மாதிரி எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனைச் சாதாரண ஆம்பில் சொருக முடியாது என்பது பலருக்கும் வாங்கின பிறகுதான் உறைக்கும். உள்ளே காயில் கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் சவ்வுதான். அதற்கு 580 வோல்ட் டிசியை பயாஸாக நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, இருபுறமும் இருக்கும் துளைத் தகடுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் சிக்னலை எதிரெதிராக அனுப்ப வேண்டும். (பழைய 6 பின் மாடல்களுக்கு பயாஸ் 230 வோல்ட், 5 பின் புரோ மாடலுக்கு 580. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.) கரண்ட் என்னவோ கொஞ்சம்தான்: கேபிளோடு சேர்த்து 120 பிகோஃபாரட் என்று வைத்தால், 20 கிலோஹெர்ட்ஸில் 100 வோல்ட்டுக்கு 1.5 மில்லிஆம்பியர்.

கரண்ட் கம்மி என்றதும் தைரியம் வந்துவிடும், அங்கேதான் மோசம். பயாஸ் பின்னுக்கு முன்னால் 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அதைத் தொட்டாலும் 0.12 மில்லிஆம்பியருக்கு மேல் வராது, சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். ஆளைச் சாய்ப்பது பிளஸ் மைனஸ் 400 வோல்ட் சப்ளையும் அதில் ஓடும் அவுட்புட் ஸ்டேஜும். இன்னொன்று, வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் மெயின்ஸை வெட்டும் ஸ்விட்ச்) போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் அடிக்கும் ஷாக் அதற்குத் தெரியவே தெரியாது, ட்ரிப் ஆகாது. ஒரு கை பின்னால், காலில் ரப்பர் செருப்பு, வீட்டில் இன்னொரு ஆள். இதற்கு முன் மெயின்ஸில் ஓடும் எதையும் கட்டாதவர்கள் இதில் தொடங்கவே வேண்டாம்.

சர்க்யூட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கெவின் கில்மோர் வடிவமைத்த கேஜிஎஸ்எஸ்எச்வி வகை ஆம்புகளை உலகம் முழுக்கக் கட்டிப் பார்த்துவிட்டார்கள். சிரமம் பொருள் கிடைப்பதில்தான், முக்கியமாக உயர் அழுத்த பிஎன்பி டிரான்சிஸ்டர். இதில் போடும் 2எஸ்ஏ1968 உற்பத்தி நின்றுபோனது, இன்று மலிவாக வருவதில் போலி நிறைய. வந்ததும் ஒவ்வொன்றையும் தனியாக டெஸ்ட் செய்யுங்கள், அல்லது மாற்றுப் பாகத்துக்கென்றே திருத்திய போர்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் நமக்கு யோகம். கோயம்புத்தூர் பக்கம் பம்ப் மோட்டாருக்கும் ஸ்டெபிலைசருக்கும் காயில் சுற்றிச் சுற்றிக் கை பழகிய வைண்டிங் கடைகள் உண்டு. 350 வோல்ட் செகண்டரி இரண்டு, இரண்டும் தனித்தனி என்று சொல்லுங்கள், வார்னிஷில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் கிளம்புவதற்குள் அங்கேயே மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போட்டுச் சுற்றுக்குச் சுற்று, சுற்றுக்கும் கோருக்கும் பார்த்துவிடுங்கள். கணக்கு இப்படி: 350ஐ நேராக்கினால் ஏறக்குறைய 495 வோல்ட் டிசி, அதை ரெகுலேட்டர் 400ஆக இறக்கித் தரும். மெயின்ஸ் 250க்கு ஏறினால் அது 538 ஆகும், ஆகவே 450 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று தாங்காது. 470 மைக்ரோஃபாரட் இரண்டை சீரியஸில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். வோல்ட்டைச் சமமாகப் பிரிப்பதும் அதுதான், ஆஃப் செய்தபின் சார்ஜை இறக்குவதும் அதுதான். ஐந்து நிமிடத்தில் 30 வோல்ட்டுக்குக் கீழே வரும், ஆனாலும் மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இனி வரிசை. ஆம்ப் போர்டை இணைக்காமல் சப்ளையை மட்டும், மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு ரெயிலுக்கும் (பிளஸ் 400 ஒன்று, மைனஸ் 400 ஒன்று) 20 கிலோஓம், 25 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டரை லோடாக வைத்து 20 மில்லிஆம்பியரில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவே 800 வோல்ட். 600 வோல்ட் மீட்டரை அங்கே வைக்காதீர்கள், கிரவுண்டிலிருந்து தனித்தனியாக அளந்து பாருங்கள். இது தேறிய பிறகு ஒரு சேனல், அப்புறம் அடுத்தது. ஹீட்சிங்கில் மைக்கா வேண்டாம், தடித்த அலுமினா செராமிக் இன்சுலேட்டர்தான் நல்லது.

மூடியைப் போட்டு அரை மணி நேரம் சூடேறட்டும், அப்புறம் ஆஃப்செட் திருகுங்கள். ஒவ்வொரு அவுட்புட்டும் கிரவுண்டுக்குப் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். சில வோல்ட் அங்கே இங்கே போனால் பரவாயில்லை, 580க்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஒரு அவுட்புட் போய் 390இல் ஒட்டிக்கொண்டால் ஹெட்போனைச் சொருகாதீர்கள். ஆஃப் செய்து, சார்ஜ் இறங்கியதும், நல்ல சேனலோடு ஒப்பிட்டு டயோடு மோடில் ஒவ்வொரு டிரான்சிஸ்டராகப் பாருங்கள். ஆசிலோஸ்கோப் வைத்திருந்தால் 100க்கு 1 புரோப் வேண்டும், அதன் கிரவுண்ட் கிளிப் சேஸிஸில் மட்டும்தான். இந்த அவுட்புட்டில் இரண்டு காலுமே லைவ்.

பயாஸை சாக்கெட்டில் அளந்தால் 395 வோல்ட்தான் காட்டும், பதறி எதையும் கழற்றாதீர்கள். மீட்டரின் 10 மெகாஓமும் உங்கள் 4.7 மெகாஓமும் சேர்ந்து வோல்ட்டைப் பிரித்துக்கொள்கின்றன. ரெசிஸ்டருக்கு முன்னால் அளந்தால் 580க்குப் பக்கத்தில் வரும். இன்னொரு விஷயம், 5 பின் சாக்கெட்டில் பயாஸ் பின் ஒன்றே ஒன்றுதான், இரண்டு காதுக்கும் பொது. ஒரு காது மட்டும் மெலிந்தால் பயாஸ் மேல் பழி போடாமல் அந்தச் சேனலையோ ஹெட்போனின் கப்பையோ பாருங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு தொந்தரவு உண்டு. பம்ப்செட் ஓடும் நேரத்தில் தோட்டத்து வீட்டில் மட்டும் ஆம்ப் உறுமினால் போர்டைக் குறை சொல்லாமல் முதலில் மெயின்ஸை அளந்து பாருங்கள். 180க்கு விழுந்தால் 495 வோல்ட் 387 ஆகிவிடும், 400ஐத் தர ரெகுலேட்டரிடம் சரக்கு இருக்காது, 100 ஹெர்ட்ஸ் ஹம் நேராக வந்துவிடும். ஸ்டெபிலைசர் வையுங்கள், அல்லது ரெயிலை 350க்கு இறக்குங்கள். அடுத்தது திருப்பூர் பக்கத்துப் பஞ்சுத் தூசி. மழைக்காலத்தில் அது ஈரம் இழுத்துக்கொண்டு போர்டிலும் சாக்கெட்டிலும் படிந்தால் 580 வோல்ட் அதன் வழியாகக் கசியும், சத்தம் மெல்ல மெல்லக் குறையும், சில நேரம் சரசரவென்று கேட்கும். சால்டரிங் ஃபிளக்ஸ் மிச்சம் இருந்தாலும் இதே கதை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள்.