ரோசா பார்க்ஸைக் களைத்துப்போன பாட்டி ஆக்காதீர்கள்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். அதையொட்டித் தமிழிலும் கட்டுரைகளும் பேச்சுகளும் வருகின்றன. நல்ல மனதோடு எழுதப்படுபவைதான். ஆனால் பாராட்ட வந்த இடத்திலேயே ஆளைச் சிறிதாக்கிவிடும் தவறுகள் சில திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

எனக்கு அதிகம் வலிப்பது கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் கதைதான். நாளெல்லாம் தைத்துக் களைத்த ஒரு வயதான பெண், கால்வலி தாங்காமல் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். 1955 டிசம்பர் 1 அன்று, அலபாமாவின் மான்ட்கமரியில் அவர் எழ மறுத்தபோது வயது 42. என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு 1943-லேயே செயலாளரானவர். கூட்டு வன்கொடுமைக்கு ஆளான ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு நியாயம் கேட்டு, 1944-ல் அபிவில் என்ற ஊருக்கே போய் விசாரித்தவர். கால்வலி என்று ஒரு வார்த்தையில் முடித்தால் இத்தனை வருட உழைப்பும் காணாமல் போய்விடுகிறது. உடம்புக் களைப்பு காரணமில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், அவர் ஒருவரோடு கதையை நிறுத்திவிடுவது. அதே ஊரில் அதே ஆண்டு மார்ச் மாதமே, 15 வயது கிளாடெட் கால்வின் எழ மறுத்துக் கைதானார். பேருந்துப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வாங்கித்தந்த வழக்கில் அந்தச் சிறுமியும் ஒரு மனுதாரர். பார்க்ஸ் கைதான இரவில் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் தூங்கவில்லை. கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில், திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்ற நோட்டீஸை ஆயிரக்கணக்கில் ஓட்டி எடுத்தார். கூட ஒரு சக ஆசிரியர், இரண்டு மாணவர்கள். விடிந்ததும் கட்டுக் கட்டாக ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்கை உலகம் அறிந்ததே அதன் பிறகுதான்.

செய்யாததைச் செய்ததாகச் சொல்வதும் மரியாதை ஆகாது. கறுப்பின வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பலர் எழுதுவதுபோல், பீநட் பட்டரைக் கண்டுபிடிக்கவில்லை. கனடாக்காரர் ஒருவர் 1884-லேயே நிலக்கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அடிமையாகப் பிறந்த கார்வர் செய்தது அதைவிடப் பெரிய காரியம். வருடா வருடம் பருத்தியே போட்டுச் சத்திழந்த தெற்கத்தி நிலத்தில் நிலக்கடலையும் காராமணியும் மாற்றிப் போடுங்கள், வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்து தரும் என்று ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். படிக்க வர முடியாதவர்களுக்காக 1906-ல் ஒரு வண்டியையே வகுப்பறையாக்கி ஊர் ஊராக அனுப்பினார்.

அடிமைகளுக்கு அதிபர் லிங்கன் விடுதலை 'கொடுத்தார்' என்று மட்டும் எழுதுவதும் அதே ரகம்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கன் தரப்பான வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-வது படைப்பிரிவினர் அந்தக் குறைந்த சம்பளத்தைத் தொட மறுத்தபடியே போரிட்டார்கள். 1864 ஜூனில்தான் அமெரிக்க காங்கிரஸ் சம ஊதியத்துக்கு இறங்கிவந்தது.