சூரைக்கு ஒரு கராம்புப் பூச்சு

கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கின சூரை மீன், பஸ்ஸில் வீடு வந்து சேருமுன்னமே சூடேறிவிடும். அதனால் முதலில் ஐஸ், கெடாமல் வைக்கும் பூச்சு பிறகுதான்.

கழுவின துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். தேங்காயெண்ணெயில் கராம்புத்தூள், கறுவாத்தூள், மஞ்சள் கொஞ்சம் குழைத்து மெல்லிசாகத் தடவி, மூடி பிரிட்ஜில் வையுங்கள். குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து தோல்போல ஒட்டிக்கொண்டு காற்றை மறிக்கும்; கராம்பில் இருக்கும் யூஜினோல் பக்டீரியாவை மந்தமாக்கும். ஆய்வுகூடத்தில் இறால் கோதிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளோடு கராம்பு, கறுவா எண்ணெய்களைச் சேர்ப்பார்கள். நம்முடையது அவ்வளவு வலுவில்லை, இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

தேசிக்காய்ப் புளி இப்போது வேண்டாம், சதை வெளிறிப்போகும். வெயிலில் கிடந்த சூரையை வாங்கவே வேண்டாம்: அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது.