தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது ஆசிரியர் செய்ய வேண்டியவை

பெற்றவர்களுள் ஒருவர் இறந்து, காரியம் முடிந்து, ஒரு பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வரும் நாளை எப்படி எதிர்கொள்வது என்று ஆசிரியர் பயிற்சியில் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளிடமிருந்தும், சிறு வயதில் தாயை இழந்த என் சொந்த நினைவுகளிலிருந்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். வகுப்பறை முன்பு இருந்தபடியே தனக்காக இருக்கிறது என்ற உறுதியையும், இறந்தவரைப் பற்றி இங்கே தயங்காமல் பேசலாம் என்ற இடத்தையும் அந்தப் பிள்ளைக்கு ஏற்படுத்தித் தருவதே ஆசிரியரால் ஆகக்கூடிய பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

செய்தி கிடைத்தவுடன் துக்கம் விசாரிக்கச் செல்லுங்கள். வகுப்பு முழுவதையும் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. நெருங்கிய தோழர்கள் இரண்டு மூன்று பேர், தத்தம் வீட்டாரின் சம்மதத்துடன் உடன் வந்தால் போதும். துக்க வீட்டில் உறவினர் நிறைந்திருப்பார்கள், ஆனால் பெரியவர்களின் அழுகைக்கும் சடங்குகளுக்கும் நடுவே அந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்து பேசியவர் எவரும் இல்லாமல் இருக்கக்கூடும். தேர்வையும் விடுபட்ட பாடங்களையும் அங்கே எடுக்காமல், சிறிது நேரம் பக்கத்தில் அமர்ந்திருங்கள். புறப்படுமுன், பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள், வகுப்பில் எவ்வளவு சொல்லலாம், இனிப் பள்ளியிலிருந்து யாருடன் பேச வேண்டும் என்பவற்றை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தனியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மிகவும் முக்கியமானது. ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 1948-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இறப்பை முடிவானதாகக் கருதுவதில்லை. ஒன்பது வயதை ஒட்டித்தான் அது திரும்பி வராத, எல்லோருக்கும் நேரக்கூடிய நிகழ்வு என்ற தெளிவு உண்டாகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் இந்த வயது எல்லைகளைச் சற்றுக் குறைத்துச் சொன்னாலும், சிறு குழந்தை சொற்களை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும் என்பதில் மாற்றமில்லை. “அம்மா தூங்குறாங்க” என்று கேட்ட குழந்தை இரவில் தூங்க அஞ்சும். “அப்பா ஊருக்குப் போயிருக்காரு” என்று கேட்ட குழந்தை பள்ளி விடும் நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்கும். குழந்தை கேட்டால், “அப்பா இறந்துட்டாரு கண்ணு, அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது, அவர் திரும்பி வர மாட்டாரு” என்று மென்மையாகவும் நேராகவும் சொல்வதே நல்லது. தான் அடம்பிடித்ததால்தான் அம்மா இறந்துவிட்டார் என்று மனத்துக்குள் நம்பிக்கொண்டிருக்கும் குழந்தைகளும் உண்டு. அது அவர்கள் செய்த தவற்றால் நேர்ந்ததன்று என்பதை, அவர்கள் கேட்காவிட்டாலும், ஒருமுறையாவது தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை திரும்பி வருவதற்கு முந்தைய நாள் வகுப்பில் பேசுங்கள். எப்படி இறந்தார் என்று எவரும் கேட்கக் கூடாது, கொள்ளி வைத்த மகன் மொட்டைத் தலையுடன் வந்தால் தொடவோ கேலி செய்யவோ கூடாது, விளையாட்டுக்கு வழக்கம்போல் அழைக்க வேண்டும் என்பவற்றைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னால் அவர்கள் பெரும்பாலும் நம்மைவிட நன்றாக நடந்துகொள்கிறார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்துவதாக இருந்தால், அந்தப் பிள்ளை வருவதற்கு முன்பே செலுத்திவிடுங்கள். பள்ளி முழுவதும் தன்னைத் திரும்பிப் பார்க்க வரிசையில் நிற்பது எந்தப் பிள்ளைக்கும் பெரும் துன்பம்.

முதல் நாளில், மற்றவர் கண்ணில் படாத இடத்தில், இரண்டு வாக்கியங்கள் போதும். “உங்க அப்பா தவறின செய்தி கேட்டு ரொம்ப வருத்தமா இருந்துச்சுப்பா. வகுப்புல உட்கார முடியலைன்னா எங்கிட்டக் கேட்க வேண்டாம், வெளியே போய்க் கொஞ்ச நேரம் இருந்துட்டு வா” என்று சொல்லிவிட்டு, எங்கே போய் இருக்கலாம் என்பதையும் காட்டிவிடுங்கள். அதன் பிறகு வழக்கம்போல் வருகைப் பதிவேட்டை எடுங்கள், வழக்கம்போல் பாடம் நடத்துங்கள். “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை”, “அம்மாவை நீதான் பார்த்துக்கணும்”, “அழக் கூடாது, தம்பி தங்கச்சி பயந்துடுவாங்க” என்பன போன்ற சொற்களை அந்தப் பிள்ளை ஏற்கெனவே பலரிடம் கேட்டிருக்கும். பன்னிரண்டு வயதுத் தோளில் ஒரு குடும்பத்தை ஏற்றிவைக்கும் இந்தச் சொற்களை ஆசிரியரும் சொல்லலாகாது. காலையில் அழுத பிள்ளை இடைவேளையில் சிரித்து ஓடி விளையாடினால், அதற்குள் மறந்துவிட்டது என்று எண்ணிவிடவும் வேண்டாம். பிள்ளைகளின் துக்கம் இப்படி விட்டு விட்டு வருவதே இயல்பு.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது என் தாயார் இறந்தார். பள்ளிக்குத் திரும்பியபோது எல்லோரும் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அம்மா என்ற சொல்லை என் முன்னால் எவரும் உச்சரிக்கவில்லை. தமிழையா மட்டும், எப்போதும் போலக் கட்டுரை ஏடுகளை என்னிடம் கொடுத்து ஆசிரியர் அறைக்கு எடுத்துவரச் சொன்னார். நடந்துகொண்டே, “உங்க அம்மா எந்தக் குழம்பு நல்லா வைப்பாங்க?” என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்றேன். அதில் அவர் மாங்காய் போடுவார் என்றேன். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அதை ஊற்றித் தருவார் என்று நானாகவே சொல்லிக்கொண்டு போனேன். அழுகை வந்தது, ஆனால் பல நாள்களுக்குப் பிறகு மூச்சு விட முடிந்ததுபோல் இருந்தது. இறந்தவரின் பேச்சை எடுத்தால் பிள்ளைக்கு நினைவு வந்துவிடுமே என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த நினைவு பிள்ளையை விட்டு ஒரு கணமும் அகல்வதில்லை என்பதை நான் என் அனுபவத்தில் அறிவேன். பிள்ளை பேச விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பேச்சுக்கான வாசலை நீங்கள்தான் திறந்துவைக்க வேண்டும்.

பள்ளியின் அன்றாட அலுவல்கள் அறியாமல் புண்படுத்தும் இடங்கள் பல உள்ளன; இவற்றை முன்கூட்டியே சரிசெய்வது வகுப்பாசிரியரால் மட்டுமே ஆகும். கல்வி மேலாண்மைத் தகவல் தொகுப்பில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை உடனே மாற்றிப் பதியுங்கள்; இல்லாவிட்டால் பள்ளியின் குறுஞ்செய்திகள் இறந்தவரின் கைப்பேசிக்கே சென்றுகொண்டிருக்கும், பல வீடுகளில் அந்தக் கைப்பேசி அணைக்கப்படாமலே இருக்கும். மதிப்பெண் அட்டையில் இனி யார் கையொப்பமிடுவார் என்பதை வகுப்பின் நடுவே கேட்காமல் தனியே கேளுங்கள். “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா” என்ற வாக்கியத்தை, அந்தப் பிள்ளையிடம் மட்டுமன்றி எல்லோரிடமும், “வீட்டுல இருந்து பெரியவங்க யாரையாவது” என்று மாற்றிக்கொள்வது நலம்.

பாடங்களுக்கும் இதே கவனம் தேவை. தந்தைக்குக் கடிதம் எழுதச் சொல்வது தமிழ்ப் பாடத்தின் வழக்கமான பயிற்சி. அந்த நாளில், மாமாவுக்கோ தோழிக்கோ எழுதலாம் என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் எவரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். தந்தையை இழந்த பாரி மகளிரின் துயரைப் பாடும் புறநானூற்றின் 112-ஆம் பாடலை நடத்த நேர்ந்தால், முந்தைய நாளே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவைப்பது என் வழக்கம். பெரும்பாலோர் வகுப்பில் இருந்தே கேட்டிருக்கிறார்கள். ஒரு மாணவி அந்தப் பாடலைத் தானே வாசிப்பதாகக் கேட்டு வாசித்தாள்.

மூன்று நான்கு மாதங்கள் கழிந்து, எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில்தான் கவனக் குறைவு, சினம், தாமதமாக வருதல் ஆகியவை தலைகாட்டும். பல குடும்பங்களில் முதல் ஆண்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை ஆகையால், தீபாவளிக்கு மறுநாள் “புதுத்துணி எங்கே?” என்று கேட்பதும், பள்ளிப் பொங்கல் விழாவுக்கு வண்ண உடை கட்டாயம் என்று அறிவிப்பதும் அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் இழப்பாகும். முதலாண்டுத் திதி எப்போது என்பதைக் குறித்துவையுங்கள். தாயை இழந்த பெண் பிள்ளைகள் சமையலையும் தம்பி தங்கையரையும் சுமந்து மெல்ல மெல்ல வருகையைக் குறைத்துக்கொள்வார்கள், தந்தையை இழந்த ஆண் பிள்ளைகள் விடுமுறையில் வேலைக்குச் சென்று திரும்பாமல் இருந்துவிடுவார்கள். தொடர்ந்து சில நாள் வராதபோதே வீட்டுக்குச் சென்று பார்ப்பது படிப்பைக் காப்பாற்றும்.

பணம் பற்றிய செய்திகளையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின், வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் ரூ.75,000 உதவித்தொகைக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் ரூ.2,000 வழங்கும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது; இதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழிகாட்டும். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்துவிட்டால் சான்றிதழ் பெறுவதில் அலைச்சல் குறையும் என்பதை, துக்க வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

இறப்பு தற்கொலையாக இருந்தால், விவரம் எதையும் கேட்க வேண்டாம், வகுப்பில் சொல்லவும் வேண்டாம். பிள்ளை தானும் இறந்தவரிடமே போய்விட வேண்டும் என்று பேசினாலோ எழுதினாலோ, அதை ஏக்கம் என்று கடந்து செல்லாமல், அன்றே வீட்டாரிடம் தெரிவித்து, பிள்ளையைத் தனியே விடாமல் 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ ஆலோசனை கேளுங்கள். வீட்டில் துன்புறுத்தல் இருப்பதாகத் தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

கல்வியாண்டு முடியும்போது, பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பாசிரியரிடம் இவற்றை நேரில் ஒப்படையுங்கள்: யார் இறந்தார், திதி எந்த மாதம் வரும், கையொப்பமிடுபவர் யார், எந்த எண்ணில் அழைக்க வேண்டும், உதவித்தொகை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது. பள்ளி மாறிச் செல்லும் பிள்ளையாக இருந்தால், மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளன்றே புதிய பள்ளியின் தலைமையாசிரியருடன் கைப்பேசியில் பேசிவிடுங்கள். ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மறுபடியும் தானே சொல்ல வேண்டியிராது.