ஆத்தங்கரை எட்சிங்ல மாட்ட விட்டுட்டு முதல்ல தண்ணியப் பாருங்க

எட்சிங்னா செம்புத் தகட்டுல ஆசிட்டால கோடு அரிச்சு, அந்தப் பள்ளத்துல மை தடவி பேப்பர்ல அச்சடிக்கற படம். 18ஆம் நூற்றாண்டு எட்சிங்ல ஆறு, மரம், மேயற மாடுன்னு ஒரு படம் வந்தா கண்ணு நேரா மாட்டுக்குத்தான் போகும், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பாத்துட்டு இருந்தேன். அத விட்டுட்டு தண்ணிக்கு வாங்க. அங்க பாதி எடத்துல ஒண்ணுமே இருக்காது, வெறும் பேப்பர்தான். கரையோரமா படுக்கையா நாலஞ்சு கோடு, நடுவுல கேப், அந்த கேப்தான் நமக்கு தண்ணில விழுற வெளிச்சமா தெரியுது.

அடுத்து படத்த பின்னாலேர்ந்து முன்னால வாங்க. செம்புத் தகட்டுல மெழுகு கலந்த பூச்சு தடவி ஊசியால கீறி ஆசிட்ல விடுவாங்க, தூரத்து மலைக்கு லேசா அரிச்சா போதும், உடனே தகட்ட எடுத்து அந்தக் கோடுகள மட்டும் வார்னிஷ் போட்டு மூடிட்டு மறுபடி ஆசிட்ல விடுவாங்க, கடைசி வரைக்கும் அரிபட்டது முன்னாடி இருக்கற புதரும் மரமும்தான். அதான் தூரம் மெல்லிசா, கிட்டக்க தடிப்பா கருப்பா இருக்கு.

யார்கிட்டேர்ந்து ஆரம்பிக்கறதுன்னா, வெனிஸ் ஓவியர் கானலெட்டோ. வெனிஸ் பக்கத்துல பிரெண்டா ஆத்தங்கரை ஊர் டோலோ, அங்க இருந்த மதகை 1740கள்ல எட்சிங் பண்ணிருக்காரு. குறுக்குக்கோடு ரொம்ப கம்மி, லேசா நெளியற கோடுகள பக்கத்துல பக்கத்துல ஓட விட்டே வெயில கொண்டு வந்துடுவாரு. பிரான்ஸ்ல லியோன் ஊர்க்காரர் புவாசியூ அப்படியில்ல, எட்சிங் மேலயே டிரைபாயிண்ட், அதாவது ஆசிட் இல்லாம ஊசியால தகட்டையே நேரா கீறறது, அப்புறம் ரூலெட்னு ஒரு சின்ன பல்சக்கரத்த உருட்டி நைஸான நிழல் போடுவாரு, லென்ஸ் வெச்சு பாத்தா புள்ளி புள்ளியா தெரியும். ஜூரிச் கவிஞர் கெஸ்னரும் எட்சிங் பண்ணவர்தான், அவரோட இடையர்கள் எல்லாம் கற்பனை உலகத்து ஆளுங்க, எனக்கு கொஞ்சம் தெவிட்டும், ஆனா கரையோரச் செடிகொடிகள அவ்வளவு ஆசையா வரைவாரு.

ஒரு விஷயம், தகட்டுல வரைஞ்சது பேப்பர்ல இடவலமா மாறித்தான் விழும், அதனால இடையன் இடது கைல கோல் வெச்சிருந்தா அவன் இடதுகைக்காரன்னு முடிவு பண்ணிடாதீங்க.

வெள்ளையா இருக்கறதெல்லாம் வெளிச்சம்னும் நம்பிடாதீங்க. செம்பு மிருதுவான உலோகம், பிரிண்ட் எடுக்க எடுக்க மெல்லிசு கோடுதான் முதல்ல தேயும். ஒரே படத்தோட ரெண்டு பிரிண்ட் கெடச்சா பக்கத்துல வெச்சு அந்த தூரத்து மலையப் பாருங்க, ஒண்ணுல மலை முழுசா இருக்கும், இன்னொண்ணுல அது பாதி ஆகாசமாவே ஆயிருக்கும்.