லெட்-7 வேலை செய்கிறதா? ஒளியை வைத்து அளப்போம்

லெட்-7 ஒரு மைக்ரோஆர்என்ஏ, அதாவது பிற மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்என்ஏ. மைக்ரோஆர்என்ஏ உருவாவது இரண்டு வெட்டுகளில். உட்கருவில் ட்ரோஷா என்ற நொதி நீண்ட ஆர்என்ஏ-விலிருந்து கொண்டை ஊசிபோல் மடிந்த, சுமார் 70 எழுத்து நீளத் துண்டு ஒன்றை வெட்டும். வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி அதைச் சுமார் 22 எழுத்தாகக் குறைக்கும். முதிர்ந்த இழை ஆர்கோனாட் புரதத்தில் ஏறி, தனக்குப் பொருந்தும் எம்ஆர்என்ஏ-வை (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) அடக்கும். இந்த அடக்குதலை அளக்க, இரட்டை லூசிஃபரேஸ் சோதனையில் தொடங்குங்கள் என்பேன். லூசிஃபரேஸ் என்பது ஒளி உண்டாக்கும் நொதி; இங்கே இரண்டு வகை.

ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்களான ஹீலா செல்களில் லெட்-7 தாராளமாக இருக்கிறது. அது போய் ஒட்டும் இடம் டிஎன்ஏ எழுத்தில் சிடிஏசிசிடிசி. இந்த இடம் உள்ள சிறு துண்டை, சைசெக்-2 என்ற பிளாஸ்மிட்டில் (செல்லுக்குள் செலுத்தும் வட்ட டிஎன்ஏ) ரெனில்லா லூசிஃபரேஸ் மரபணுவுக்குப் பின்னால் சேருங்கள். அதே பிளாஸ்மிட்டில் உள்ள ஃபயர்ஃபிளை லூசிஃபரேஸ்தான் ஒப்பீட்டு அளவுகோல். அப்புறம், அந்த 7 எழுத்தில் இரண்டு மூன்றை மாற்றிய இன்னொரு பிளாஸ்மிட்டும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் வரும் எந்த எண்ணையும் நான் நம்ப மாட்டேன்.

24 குழித் தட்டில் செல்களை விதைத்து, மறுநாள் பிளாஸ்மிட்டோடு லெட்-7 தடுப்பானையும் செலுத்துங்கள். வேறு சில குழிகளில் எதையும் தடுக்காத போலித் தடுப்பான். ஒவ்வொன்றுக்கும் மூன்று குழிகள். பிளாஸ்மிட்டை அள்ளிப் போடாதீர்கள். இலக்கு பெருகினால் இருக்கிற லெட்-7 பற்றாமல் போய்விடும்.

24 முதல் 48 மணி நேரம் கழித்து பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் கொண்டு கழுவுங்கள். தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் கொஞ்சம் தேங்கி நிற்கும், அதையும் உறிஞ்சிவிடுங்கள். விட்டால் கரைசல் நீர்த்துப்போகும். குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சிதைப்புக் கரைசல் ஊற்றி 15 நிமிடம் மெதுவாக ஆட்டுங்கள். அதில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து முதலில் ஃபயர்ஃபிளை, அடுத்து ரெனில்லா ஒளியை அளக்க வேண்டும்.

ரெனில்லா 20,000, ஃபயர்ஃபிளை 80,000 என்றால் விகிதம் 0.25. தடுப்பான் போட்டதும் இந்த விகிதம் ஏறி, எழுத்து மாற்றிய பிளாஸ்மிட்டில் மட்டும் அசையாமல் இருக்கிறதா? சரி, அடக்கியது லெட்-7தான்.

மைக்ரோஆர்என்ஏ சரியாக வெட்டுப்பட்டு முதிர்கிறதா என்று பார்க்க, ஆர்என்ஏ-வை நீளப்படி பிரித்துக் காட்டும் நார்தர்ன் பிளாட். ஆர்என்ஏ-வைப் பிரித்தெடுக்கும் சாதாரண வடிகுழாய் (column) குட்டி இழைகளைத் தவறவிடும், ட்ரைசால் என்ற கரைசலைக் கொண்டு எடுங்கள். 15 சதவீத யூரியா ஜெல்லில் ஓட்டி, யு6 என்ற இன்னொரு சிறு ஆர்என்ஏ-வை ஒப்பீடாக வையுங்கள். 70-க்கு அருகே பட்டை தடித்து 22-இல் மெலிந்தால், டைசர் வெட்டில் தடை என்று முதலில் சந்தேகிக்கலாம்.