அடுத்து எதைப் படிப்பது? தேர்வில் நேரும் தவறுகள்

படிக்கப் புத்தகம் கிடைக்கவில்லை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. எதைப் படிப்பது என்று தெரியவில்லை என்றுதான் சொல்கிறார்கள். வழிகாட்டிகளுக்கும் பஞ்சமில்லை: விற்பனைப் பட்டியல், விருதுப் பட்டியல், நட்சத்திர மதிப்பெண், ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்னும் வரி. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை அளக்கின்றன. அது எது என்று கேட்காமலேயே புத்தகத்தின் தரம் என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

விற்பனைப் பட்டியலைப் பாருங்கள். நியூயார்க் டைம்ஸ் இதழ் 1931 முதல் வெளியிட்டுவரும் பட்டியல் இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. வார அளவில் அது காட்டுவது விற்பனையின் வேகத்தை. ஒரே வாரத்தில் பரபரப்பாக விற்று அடுத்த மாதம் மறக்கப்படும் நூல் அதில் முதலிடம் பெறலாம். பல ஆண்டுகளாகச் சீராக விற்றுவரும் நூல் தலைகாட்டாமலே போகலாம். சில கடைகளில் மொத்தக் கொள்முதல் நடந்ததாகத் தெரிந்தால், அந்த நூலின் அருகே சிறிய குத்துவாள் குறி ஒன்றை அந்த இதழ் போடுகிறது. அதைக் கவனிக்கும் வாசகர்கள் மிகக் குறைவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜான் வில்லியம்ஸ் எழுதிய ‘ஸ்டோனர்’ நாவல் 1965-இல் வெளிவந்தபோது ஏறத்தாழ இரண்டாயிரம் பிரதிகளே விற்று, விரைவிலேயே அச்சில் இல்லாமல் போயிற்று. மறுபதிப்புகள் வந்து, 2011-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வந்த பிறகு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அது விற்பனைப் பட்டியல்களில் ஏறியது. இடைப்பட்ட காலத்தில் நாவலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பட்டியலில் இல்லாதது படிக்கத் தகாதது என்று முடிவுகட்டுகிறவர்கள் இப்படிப்பட்ட நூல்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

விருதுகள் இதைவிட நம்பகமானவை, ஐயமில்லை. ஆனால் பரிசு வென்ற நூலை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்வது வீண். 1969 முதல் வழங்கப்படும் புக்கர் பரிசுக்கு நடுவர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். பதிப்பாளர்கள் அனுப்பும் நூல்களிலிருந்துதான் தேர்வு பெரிதும் நடக்கிறது. ஒரு சிறு குழு பேசி, வாதிட்டு, விட்டுக்கொடுத்து வந்து சேரும் முடிவு அது. 2019-இல் அந்த விட்டுக்கொடுத்தலும் முடியாமல், விதியை மீறி இரண்டு நாவல்களுக்குப் பரிசைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு இறுதி முடிவைவிட, பன்னிரண்டு பதின்மூன்று நூல்கள் கொண்ட நெடும்பட்டியலே பயனுள்ளதாகத் தெரிகிறது. எல்லோருக்கும் ஓரளவு பிடித்த நூலை அல்ல, ஒரு நடுவருக்கு மிகவும் பிடித்துப்போய் மற்றவர்கள் ஏற்காத நூலை அங்கேதான் காண முடியும்.

பரிசு இன்னொன்றும் செய்கிறது: பொருந்தாத வாசகரை நூலிடம் அழைத்துவருகிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசு வென்ற நூல்களையும் இறுதிச் சுற்றோடு நின்றுவிட்ட நூல்களையும் ஒப்பிட்டது. வென்றவற்றுக்கு வாசகர்கள் தரும் மதிப்பெண் அறிவிப்புக்குப் பிறகு சரிந்திருந்தது. அவ்வகை எழுத்தை வழக்கமாகத் தொடாதவர்கள் பரிசுக்காகவே வாங்கிப் படித்து, ஏமாந்து, குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

பொது இலக்கிய விருதுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு துப்பறியும் கதையும் அறிவியல் புனைகதையும் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. அவற்றுக்குத் தனி விருதுகள் நெடுங்காலமாக இருக்கின்றன. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருது 1946-இல் தொடங்கியது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ 1953-இல். ஹியூகோவுக்கு வாக்களிப்பவர்கள் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்களான வாசகர்கள். அதே துறையின் நெபுலா விருதுக்கு வாக்களிப்பவர்கள் எழுத்தாளர்கள். ரசிகர்களையும் தொழில் தெரிந்தவர்களையும் ஒருசேரக் கவர்ந்த நூல் எது என்று பார்க்க இரு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

நட்சத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு தொடரின் ஐந்தாம் பாகம் முதல் பாகத்தைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தால் அது மேலான நூல் என்று பொருளில்லை. முதல் பாகம் பிடிக்காதவர்கள் அதுவரை வந்திருக்க மாட்டார்கள். சராசரியை விட்டுவிட்டு ஆளைத் தேடுவது நல்லது. எழுதியதைப் படித்தாலே ரசனை புரிகிற ஒரு விமர்சகர் கிடைத்தால் போதும். அவர் ரசனை நம்முடையதற்கு நேர் எதிராக இருந்தாலும் குற்றமில்லை. ‘மிக மெதுவாக நகர்கிறது, எதுவுமே நடக்கவில்லை’ என்று அவர் திட்டும் நூல் நமக்கு ஏற்றதாக இருக்கக்கூடும். கணினிப் பரிந்துரைகள் இந்த வகையில் உதவுவது குறைவு. நேற்று வாங்கியதைப் போன்ற ஒன்றைக் காட்டுவதே அவற்றின் வேலை. துறை மாற நினைப்பவருக்கு அவை வேலியாகத்தான் அமையும்.

ஒரு நூலைப் படித்துவிட்டு ஒரு வகையையே ஒதுக்குவது

‘எனக்கு அறிவியல் புனைகதை ஒத்துவராது’ என்பவரிடம் எத்தனை படித்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் தேறும். அதுவும் விண்கலங்கள் மோதிக்கொள்ளும் கதையாக இருக்கும். அதே வகைக்குள் மனித அறிவின் எல்லையைப் பற்றிய நாவலும் உண்டு, மொழியைப் பற்றிய கதையும் உண்டு. வகை என்பது கடைக்காரருக்கும் நூலகருக்கும் அடுக்கிவைக்க வசதியான ஏற்பாடு. அதற்குள் இருக்கும் வேறுபாடு, வகைகளுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரிது.

புதிய வகைக்குள் நுழைகிறவர் அதன் மிகப் பெரிய, மிகப் போற்றப்பட்ட நூலிலிருந்து தொடங்குவதும் தவறுதான். அந்த நூல் பெரும்பாலும் அவ்வகையின் பழைய மரபுகளோடு விவாதம் நடத்திக்கொண்டிருக்கும். மரபே தெரியாதவருக்கு விவாதம் எங்கே புரியும்? பல எழுத்தாளர்களின் சிறுகதைகள் அடங்கிய தொகுப்பே சரியான வாசல். இருபது பேரில் மூவர் பிடித்துப்போனால் அந்த மூவரின் நூல்களைத் தேடிக்கொள்ளலாம். தொகுப்பாசிரியரின் முன்னுரை சில சமயம் கதைகளைவிடப் பயன் தரும். துப்பறியும் கதையில் தத்துவம் இல்லை என்றும் கவிதையில் கதை இல்லை என்றும் குறைப்படுவது வேறொரு சிக்கல். எதைத் தருவதாக ஒரு நூல் ஒப்புக்கொண்டதோ அதைத் தந்ததா என்று கேட்பதே நியாயம்.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம். ஸ்தானிஸ்லாவ் லெம் போலிஷ் மொழியில் 1961-இல் எழுதிய ‘சோலாரிஸ்’ 1970-இல் ஆங்கிலத்துக்கு வந்தது; ஆனால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்துதான் வந்தது. ஆங்கிலம் நன்கு படிக்கத் தெரிந்த லெம் அதில் நிறைவடையவில்லை. போலிஷ் மொழியிலிருந்து நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011-இல்தான் வெளியானது. நடுவே நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அதைப் படித்தவர்கள் எல்லோரும் இரண்டு கை மாறிய நாவலைத்தான் படித்தார்கள். ஒரு செவ்வியல் நூல் சலிப்பூட்டினால், தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, யார் மொழிபெயர்த்தது, எந்த ஆண்டில், எந்த மொழியிலிருந்து என்று பாருங்கள். வேறொரு மொழிபெயர்ப்பின் முதல் பத்துப் பக்கங்களோடு ஒப்பிட்ட பிறகு எழுத்தாளரைக் குறைசொல்லலாம்.

ஆண்டைப் பார்க்காமல் விடுவது

புனைகதைக்கு வயது ஒரு தடையே இல்லை. அறிவியல், மருத்துவம், உளவியல் நூல்களுக்கு அது மிகப் பெரிய செய்தி. 2006-க்கு முன் வந்த வானியல் நூல் ஒன்பது கோள்கள் என்று சொல்லும். அது சிறிய விஷயம், யாருக்கும் கேடில்லை. உளவியலில் நடந்தது அப்படிப்பட்டதல்ல. 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த பெருமுயற்சி ஒன்றின் முடிவு 2015-இல் வெளியானது. ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் பழைய முடிவு மறுபடியும் உறுதியானது. மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்தைச் சொல்லாத தன்முன்னேற்ற நூல் ஒரு காலத்தில் அரிது. அதை 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது, அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. பழைய நூல்கள் இன்னும் அதே அட்டையோடு, அதே பாராட்டுரைகளோடு விற்கின்றன. முதல் பதிப்பு வந்த ஆண்டைப் பாருங்கள். மறுபதிப்பு ஆண்டு ஏமாற்றும்.

ஒரு துறைக்கு ஒரே நூல் போதும் என்று இருப்பதும் இதனோடு சேர்ந்த தவறு. சரளமாக எழுதப்பட்ட முதல் நூல் நம்மை எளிதில் வசப்படுத்திவிடும். அதே பொருளில், அதை மறுக்கும் இன்னொரு நூலையும் படித்தால்தான் எது நிறுவப்பட்டது, எது ஆசிரியரின் துணிபு என்று பிரியும். மறுப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. நேர்மையான ஆசிரியர் அவர் பெயரைத் தம் அடிக்குறிப்பிலேயே கொடுத்திருப்பார்.

என்னைக் கேட்டால், அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும்தான் எந்தப் பரிந்துரைப் பட்டியலையும்விட நல்ல வழி. பிடித்த வரலாற்று நூலின் கடைசிப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் எவை? அங்கிருந்து ஒரு பயண நூலுக்கும், அதிலிருந்து ஒரு தன்வரலாற்றுக்கும், அதிலிருந்து ஒரு நாவலுக்கும் போய்விடலாம். புனைகதையில் அந்த வேலையை மொழிபெயர்ப்பாளர் செய்கிறார். தாமே படித்து ரசித்ததைப் பதிப்பாளரிடம் கொண்டுபோய் வலியுறுத்தும் மொழிபெயர்ப்பாளர்கள் நிறைய உண்டு. எழுத்தாளர் பெயரால் தேடுவதுபோல் அவர்கள் பெயராலும் தேடிப் பார்க்க வேண்டும்.

நூலகத்தில் தலைப்பைச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியேறுவதும் இழப்புதான். 1876-இல் வெளியான டூயி பகுப்பு முறையோ வேறொரு முறையோ, நூலகம் ஒரு நூலை அதன் பொருளுக்குரிய இடத்தில் வைக்கிறது. தேடிவந்த நூலுக்கு இருபுறமும் அதன் உறவினர்கள் நிற்கும். நூலகரிடம் ‘நல்லதாக ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? சியாட்டில் நூலகராக இருந்த நான்சி பேர்ல், வாசகர் ஒரு நூலுக்குள் நுழையும் வாயில்கள் நான்கு என்பார்: கதை, பாத்திரம், சூழல், மொழி. கடைசியாகப் பிடித்த நூலுக்குள் எந்த வாயில் வழியாகப் போனீர்கள் என்று சொன்னால், வேறு வகையிலிருந்துகூட நூலகர் பொருத்தமான ஒன்றை எடுத்துத் தருவார். மொழிக்காகப் படிப்பவருக்கு நாவலும் இயற்கை பற்றிய கட்டுரையும் ஒரே அலமாரிதான்.

எடுத்த நூலை முடித்தே தீர வேண்டும் என்னும் பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பிடிவாதம் உள்ளவர்கள் தெரியாத வகையைத் தொடவே அஞ்சுவார்கள். இதற்கும் பேர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மீதிப் பக்கங்களைப் படித்தால் போதும். விட்ட நூலை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில், எதனால் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாலைந்து ஆண்டு கழித்து எடுக்கும்போது அந்தக் காரணம் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.